போல்ட் இறுகினால், ஓசை குறைந்தால்: சுடுகளத்தில் ரைஃபிள் தோட்டா நிரப்புவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

தன் ரைஃபிளுக்குப் பொருந்தும் வெடிமருந்தளவைத் தேடுபவருக்கு வீட்டுக்கும் சுடுகளத்துக்கும் அலைவதே பாதி வேலை. வீட்டில் ஐந்து தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு போய்ச் சுட்டுப் பார்க்கிறோம். இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று தோன்றினால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவின் பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்துத் துல்லியமாகச் சுடும்) போட்டியாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் கருவிகளைக் களத்துக்கே கொண்டுபோகிறார்கள். லூயிஸ் பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெல்லும் 1970களின் நடுவில் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவைச் சுடுபவரின் மேசையில் பெரிதாக எதுவும் இருக்காது. கைக்கு அடங்கும் எண்ணிக்கையில் பித்தளைக் கூடுகள், கையால் அழுத்தும் ஒரு சிறிய ஆர்பர் பிரஸ், வில்சன் வகைக் கை டை (கூட்டை அளவாக்கவும் குண்டைப் பொருத்தவும் உதவும் அச்சு), மருந்தை அளந்து கொட்டும் குடுவை, அவ்வளவுதான். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்குவதற்குள் அதே கூடுகளை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் போட்டியாளன் அல்லன். அரிசோனாவின் பாலைநிலத்தில் ஒரு .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்காக இப்படி நிரப்பிப் பழகியவன். இதில் மருந்தளவு எதையும் எழுதப்போவதில்லை. அது மருந்து தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே வர வேண்டும். அதிலும் தொடக்க அளவிலிருந்து மேலே ஏற வேண்டும், உச்ச அளவிலிருந்து கீழே இறங்கக் கூடாது. களத்தில் ஏதோ சரியில்லை என்று கண்ணோ கையோ காதோ சொல்லும்போது, அந்த அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் சொல்கிறேன். களத்தில் தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பகுதி மருந்திலும் இல்லை, குண்டிலும் இல்லை. காற்றிலும் வெயிலிலும் அவசரத்திலும் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை, விற்பதற்கு உரிமம் தேவை. மாநில விதிகள் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் கேட்கிறது. அங்கே இருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்கும் வழிமுறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்றால் முழுத் தோட்டா. அதன் பித்தளை உடல் கூடு. கூட்டுக்குக் கழுத்து, தோள், அடி என்று பெயர் சொல்கிறேன். பறந்து போவது குண்டு. அடியில் பொருந்தி, ஊசி பட்டுத் தீயெழுப்புவது பிரைமர். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை சேம்பர்; அதைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் தாழ்ப்பாள் போல்ட். சுட்டு விரிந்த கூட்டை டைக்குள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது அளவாக்குதல். குழலுக்குள் சுழன்று ஓடும் பள்ளங்களுக்கு இடையே மேடாக நிற்பவற்றை வரம்பு என்கிறேன், வயல் வரம்பைப் போல.

தராசு பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை

களத்தில் முதலில் வரும் தொல்லை இதுதான். நாம் அளக்கும் அலகின் சிறுமையை நினைத்துப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயினின் பத்தில் ஒரு பங்கு சுமார் 6.5 மில்லிகிராம், ஏறக்குறைய ஓர் அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு நுட்பமாக எடை பார்க்கும் கருவியைத் திறந்த வெளியில் வைத்தால், நாம் விடும் மூச்சுக்கூட அதில் தெரியும்.

எண் மேலும் கீழும் ஆடினால் முதல் சந்தேகம் காற்று. தராசை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, முன்பக்கம் மட்டும் திறந்துவிட்டுப் பாருங்கள். ஆட்டம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. எண் ஆடாமல் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் அது வெப்பம். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்து வெயில் மேசையில் வைத்த மின்னணுத் தராசு நிலைபெற நேரம் எடுக்கும். அரை மணி நேரமாவது மின்சாரம் கொடுத்து நிழலில் விட்டுவிடுங்கள். தட்டை எடுத்து வைக்கும்போதெல்லாம் வேறு வேறு எண் வந்தால், பாலைநிலத்தின் வறண்ட காற்றில் நிலைமின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். மருந்து மணிகள் பிளாஸ்டிக் புனலில் ஒட்டிக்கொண்டிருப்பது அதற்குச் சாட்சி. உலோகப் புனலுக்கு மாறினால் பெரும்பாலும் தீரும். நெம்புகோல் தராசாக இருந்தால் மேசையின் மட்டத்தைப் பாருங்கள். பக்கத்து மேசையில் ஒருவர் சாய்ந்தாலே முள் நகரும்.

எந்தக் காரணமானாலும் தீர்ப்புச் சொல்லும் சாட்சி ஒன்று வேண்டும். அது சோதனை எடைக்கல். நீங்கள் அளக்கப்போகும் மருந்தின் எடைக்கு நெருக்கமான கல்லைப் பத்து அளவைக்கு ஒரு முறை தட்டில் வையுங்கள். கல் சரியான எண்ணைக் காட்டவில்லையென்றால், அதற்கு முன் சரியாகக் காட்டிய முறைக்குப் பின் நிரப்பிய எல்லாத் தோட்டாக்களும் சந்தேகத்துக்குரியவை.

நான் கடைசியில் களத்தில் எடை போடுவதையே விட்டுவிட்டேன். வீட்டில், கதவை மூடிய அறையில், ஒவ்வோர் அளவையும் தனித்தனி மூடிபோட்ட சிறு குப்பிகளில் எடுத்து, மருந்தின் பெயரையும் எடையையும் எழுதி ஒட்டிக் கொண்டுபோகிறேன். களத்தில் குப்பியைக் கூட்டுக்குள் கவிழ்த்துக் குண்டைப் பொருத்தினால் போதும். பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் எடையே பார்க்காமல் கொள்ளளவால் அளந்து கொட்டுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் கை ஆயிரக்கணக்கான முறை அதே குடுவையின் பிடியை அதே வேகத்தில் இறக்கி ஏற்றிப் பழகிய கை. அந்தப் பழக்கம் இல்லாதவருக்குக் குப்பிதான் பாதுகாப்பு.

பிரைமர் உட்கார மறுக்கிறது

பலம் கொடுக்காதீர்கள். பிரைமர் நசுங்கினால் வெடிக்கும். பக்கத்தில் திறந்த மருந்துப் புட்டி இருந்தால் அதோடு நிற்காது. பிரைமர் பொருத்தும்போது கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். சுத்தியால் தட்டி நிரப்பும் லீ லோடர் போன்ற எளிய கருவியை வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

காரணம் பெரும்பாலும் கூடுதான். ராணுவத் தொழிற்சாலைக் கூடுகளில் பிரைமர் குழியின் விளிம்பை உள்நோக்கி மடித்து இறுக்கியிருப்பார்கள். அந்த மடிப்பை வெட்டியெடுக்காமல் புதிய பிரைமர் நுழையாது. களத்தில் அதற்கான கருவி இல்லையென்றால் அந்தக் கூட்டை ஒதுக்கிவையுங்கள்.

இதற்கு எதிர்மாறாக, பிரைமர் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். குழி அகன்றுவிட்டது. முந்தைய சுடுதலில் அழுத்தம் எல்லை மீறியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். பிரைமரை மெல்ல வெளியே எடுத்தபின் அந்தக் கூட்டைத் தட்டி நசுக்கிக் குப்பையில் போடுங்கள். மறந்துபோய் இன்னொரு முறை எடுத்துவிடக் கூடாது.

சரியாக அமர்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே இருக்கும், 0.003 முதல் 0.005 அங்குலம் வரை. விரல் நுனியைக் குறுக்கே ஓட்டினால் சிறு பள்ளம் தட்டுப்பட வேண்டும். மேடு தட்டினால் அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது.

தோட்டாவை ஏற்றினால் போல்ட் மூடவில்லை

இந்த இடத்தில் கை தானாகவே அழுத்தம் கொடுக்கப் பார்க்கும். நிறுத்துங்கள். மெல்லத் திறந்து தோட்டாவை வெளியே எடுங்கள். அளவாக்கிய வெறுங்கூடு ஒன்றை, பிரைமரும் மருந்தும் குண்டும் இல்லாமல், ஏற்றி மூடிப் பாருங்கள்.

வெறுங்கூடும் மூடவில்லை என்றால் குறை கூட்டில். தோள் போதிய அளவு பின்னால் தள்ளப்படவில்லை, அல்லது கூடு நீண்டுவிட்டது. .308 வின்செஸ்டருக்குக் கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டித் திருத்தினால் 2.005க்குக் கொண்டுவருவது வழக்கம். அளவைத் தாண்டிய கூட்டின் வாய் சேம்பரின் முனையில் இடித்துக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். பலத்தால் மூடிச் சுட்டுவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். தோள்தான் காரணம் என்றால் டையைச் சிறிது இறக்கி, சுட்ட கூட்டின் அளவிலிருந்து 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டும் தோளைத் தள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளினால் வேறொரு கோளாறு வரும், கீழே சொல்கிறேன்.

வெறுங்கூடு மூடுகிறது, தோட்டா மூடவில்லை என்றால் முதலில் பிரைமர் மேடாக இருக்கிறதா என்று விரலால் பாருங்கள். இல்லையென்றால் குண்டு வெளியே நீட்டிக்கொண்டு வரம்பில் முட்டுகிறது. குண்டின் வளைவில் சம இடைவெளியில் சிறு சதுரக் கீறல்கள் தெரிந்தால் ஐயமே இல்லை. இன்னும் உள்ளே பொருத்துங்கள்.

களத்துக்கே உரிய கோலம் ஒன்றும் உண்டு. மூடியது, ஆனால் சுடவில்லை. கள அதிகாரி நிறுத்தச் சொன்னார். நீங்கள் போல்டைத் திறக்கிறீர்கள். கூடு மட்டும் வெளியே வருகிறது, குண்டு வரம்பில் சிக்கிக்கொண்டது, மருந்து முழுவதும் போல்டுக்குள்ளும் சுடும் விசையின் பொறிக்குள்ளும் கொட்டிவிட்டது. துப்புரவுக் கம்பியை முன்பக்கத்திலிருந்து விட்டு மெல்லத் தட்டினால் குண்டு வந்துவிடும். மருந்து மணிகளை ஒன்றுவிடாமல் எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் வரம்பைத் தொடும் நீளத்தில் பொருத்திச் சோதிப்பவர்கள், தன் முறை உறுதியாக வந்தபிறகே தோட்டாவை ஏற்ற வேண்டும். கம்பி இல்லாமல் களத்துக்குப் போகவும் கூடாது.

சுட்டபின் போல்டைத் தூக்கக் கை இறுகுகிறது

இந்த அறிகுறிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு ஜூன் மாதக் காலை. முந்தைய வாரம் அமைதியாகச் சுட்ட அதே மருந்தளவு, அதே குண்டு, அதே கூடுகள். முதல் ஆறு தோட்டாக்கள் இயல்பாகப் போயின. ஏழாவதில் போல்டின் பிடி ஒட்டிக்கொண்டது போல நின்று, பிறகு நெட்டென்று தூக்கியது. கூட்டின் அடியில், எழுத்துகளுக்கு மேல், பளபளப்பான சிறு வட்டத் தேய்மானம் ஒன்று. போல்டில் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் குழிக்குள் பித்தளை தள்ளப்பட்டு, போல்ட் திரும்பும்போது மழிக்கப்பட்ட தடம் அது. நான் மருந்தைச் சந்தேகித்தேன், தராசைச் சந்தேகித்தேன், குப்பியின் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து மேசையில் இருந்த முதியவர் எழுந்து வந்தார். கூட்டைப் பார்க்கவில்லை, என் தோட்டாப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கறுப்பு விரிப்பின்மேல், நேர் வெயிலில், ஒரு மணி நேரமாகத் திறந்து கிடந்த பெட்டி. தோட்டாக்களை விரலால் பிடிக்க முடியவில்லை. மருந்து சூடேறினால் வேகமாக எரியும், அழுத்தம் கூடும். வெப்பத்துக்கு அசையாதவை என்று பெயர் பெற்ற வார்கெட், எச்4350 போன்றவை குறைவாகவே மாறும். வேறு சில மருந்துகள் ஒவ்வொரு டிகிரிக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அன்று என் பையில் இருந்தது இரண்டாவது வகை.

ஆகவே போல்ட் இறுகினால் முதல் வேலை, அந்த அளவில் நிரப்பிய மிச்சத் தோட்டாக்களை ஓரமாக வைப்பது. இன்னொன்று சுட்டுப் பார்த்து உறுதி செய்கிறேன் என்ற எண்ணமே வேண்டாம். .308க்கு அமெரிக்கத் தொழில் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச சராசரி அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பித்தளை இப்படித் தடம் பதியத் தொடங்கும்போது அந்த எல்லை பெரும்பாலும் பின்னால் போயிருக்கும்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். தோட்டாவைத் தொட்டுப் பாருங்கள், சூடா? துப்பாக்கியின் சேம்பரில் ஏற்றிய தோட்டாவைச் சூடான குழலுக்குள் நெடுநேரம் விட்டீர்களா? அதுவும் அதே விளைவைத் தரும். சேம்பருக்குள் விரல் விட்டுப் பாருங்கள். எண்ணெயோ மழைநீரோ இருந்தால் கூடு சுவரைப் பிடித்துக்கொள்ள முடியாமல் முழு உதையையும் போல்டின் மேல் இறக்கும். மருந்துப் புட்டியின் தொகுதி எண் மாறியதா? கூட்டின் பிராண்ட் மாறியதா? தடித்த சுவருள்ள கூட்டில் உள்ளிடம் குறைவு. அதே மருந்தளவு அதில் கூடுதல் அழுத்தம் தரும். கூட்டின் நீளத்தை அளந்தீர்களா? மருந்தளக்கும் குடுவை மூடியில்லாமல் வெயிலில் நின்றதா? பாலைநிலக் காற்று மருந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; ஈரம் இழந்த மருந்து வேகமாக எரியும்.

பிரைமர் தட்டையாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மென்மையான பிரைமர் இயல்பான அழுத்தத்திலும் தட்டையாகும்; கடினமான பிரைமர் ஆபத்தான அழுத்தத்திலும் உருண்டையாகவே நிற்கும். ஊசித் தடத்தைச் சுற்றி எழும் எரிமலை விளிம்பும், ஊசித் துளை அகன்ற போல்டில் இயல்பாகவே வரும். எனக்கு நம்பகமான சாட்சி வேகம்தான். கையேடு உச்ச அளவுக்குச் சொல்லும் வேகத்தை, அதே நீளக் குழலில், குறைந்த மருந்தளவிலேயே நீங்கள் எட்டிவிட்டால், அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கிறது. பித்தளையில் ஒரு தடமும் இல்லாவிட்டாலும் அங்கே நிற்க வேண்டும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை

துப்பாக்கி வாயை இலக்கின் திசையிலேயே வைத்திருங்கள். குறைந்தது 30 விநாடி அசையாதீர்கள். நான் ஒரு முழு நிமிடம் எண்ணுகிறேன். பிரைமர் தாமதமாகத் தீப்பிடிக்கும் வாய்ப்பு அரிதுதான். ஆனால் போல்ட் பாதி திறந்த நிலையில் அது நடந்தால் முகத்துக்கு நேரே நடக்கும்.

எடுத்த தோட்டாவின் பிரைமரைப் பாருங்கள். ஊசித் தடம் ஆழமாக, தெளிவாக இருந்தால் குறை பிரைமரில். கையிலிருந்த மசகெண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கலாம். தடம் மேலோட்டமாக இருந்தால் மூன்று காரணங்கள். பிரைமர் முழுதாக அமரவில்லை, ஊசியின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. அல்லது தோள் அளவுக்கு மேல் தள்ளப்பட்டு, கூடு முன்னால் நழுவிப் போகிறது. அல்லது பனிக்காலக் காலையில் போல்டுக்குள் கிரீஸ் இறுகி ஊசி மெதுவாகப் பாய்கிறது. ஒரே தொகுதியில் ஒன்று மட்டும் தவறினால் முதல் காரணம்; வரிசையாகத் தவறினால் மற்ற இரண்டு.

ஓசை குறைவு, உதை இல்லை

இந்த ஒரே அறிகுறிக்கு ஒரே கட்டளை. போல்டைத் தொட்டு அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். மருந்து ஊற்ற மறந்த கூட்டிலும் பிரைமர் வெடிக்கும். அந்தச் சிறு விசையே குண்டைக் குழலின் தொடக்கத்தில் கொண்டுபோய்ச் செருகும் அளவுக்குப் போதும். பின்னாலேயே முழு மருந்தோடு இன்னொரு குண்டு வந்தால் குழல் பிளக்கும். வேகமாகச் சுடும் பழக்கம் உள்ளவர்களின் கை, மனம் யோசிப்பதற்குள் அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். அதனால்தான் சோதனை நாளில் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டகத்தில் (மேகசினில்) தோட்டாக்களை அடுக்காமல், ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

துப்பாக்கியைக் காலியாக்கி, போல்டை வெளியே எடுத்து, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பியை விட்டுப் பார்த்தால் இன்னும் உறுதி. குண்டு நடுக்குழலில் இறுகியிருந்தால் களத்தில் அடித்து எடுக்க முயலாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மருந்து ஊற்ற மறந்தது எங்கே என்று தேடினால், ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான் கிடைக்கும்: யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். களம் ஓயாமல் பேச்சு நடக்கும் இடம். ‘என்ன மருந்து?’, ‘என்ன குண்டு?’ என்று அன்போடு கேட்டபடி வருவார்கள். குப்பி கையில் இருக்கும்வரை பதில் சொல்லாதீர்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் தெரியும். ஊற்றிய கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் கைவிளக்கால் ஒவ்வொரு கூட்டின் உள்ளும் பாருங்கள். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தாழ்ந்தது வெற்று, உயர்ந்தது இரட்டை.

கூட்டின் கழுத்தைத் தாண்டித் தோள்வரை கரி

மருந்தளவு தொடக்க நிலையில் இருக்கும்போது இது இயல்பு. அழுத்தம் குறைவாக இருப்பதால் கழுத்து விரிந்து சேம்பரை அடைக்கத் தாமதமாகிறது, புகை பின்னால் வழிகிறது. அளவு ஏறும்போது தானாக மறையும். மறையாவிட்டால் பித்தளை பலமுறை சுட்டு விறைத்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். களத்தில் செய்ய ஒன்றுமில்லை.

கூட்டின் அடிக்கு மேல் பளபளப்பான வளையம்

தோளை அளவுக்கு மேல் தள்ளுவதால் வரும் கோளாறு இதுதான். ஒவ்வொரு சுடுதலிலும் கூடு முன்னால் நீண்டு, டையில் மறுபடி குறுகி, மறுபடி நீள்கிறது. அடியிலிருந்து சுமார் கால் அங்குலத்துக்கு மேலே சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. வெளியே மெல்லிய ஒளிவளையமாகத் தெரிவது உள்ளே பள்ளமாக இருக்கும். ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் இடறினால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. ஒரு கூட்டில் இடறினால், அதே எண்ணிக்கை முறை சுட்ட கூடுகள் அனைத்தையும் பாருங்கள். களத்தில் ஒரே ஐந்து கூடுகளைத் திரும்பத் திரும்ப நிரப்புபவர்களுக்கு இந்த எண்ணிக்கை மிக வேகமாக ஏறும். ஒவ்வொரு முறையும் கோடு போட்டுக் கணக்கு வையுங்கள்.

கூடு டைக்குள் மாட்டிக்கொண்டது

மசகு பூச மறந்துவிட்டீர்கள். அன்றைய நிரப்பல் முடிந்தது. அடியின் விளிம்பு பிய்ந்துவருமளவுக்கு இழுக்காமல் டையோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். துளையிட்டுத் திருகாணி போட்டு இழுக்கும் கருவி வேண்டும். இதற்கு நேர்மாறாகத் தோளில் குழிவு விழுந்தால் மசகு அதிகம். கூடுகளை வீட்டிலேயே அளவாக்கிப் பிரைமர் பொருத்திக்கொண்டு வந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

வேகங்கள் சிதறுகின்றன

ஐந்து தோட்டாக்களின் வேகம் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகினால், முதலில் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபைச் சந்தேகியுங்கள். குண்டின் நிழலைப் பிடிக்கும் ஒளிவகைக் கருவிக்கு மேகமூட்டம்தான் பிடித்த வானிலை. சாய்ந்த வெயிலும், கடந்துபோகும் மேகமும் அதைக் குழப்பும். துப்பாக்கி வாய்க்குப் பத்தடிக்குள் வைத்தால் வெடிப்பின் அதிர்வையே குண்டாக எடுத்துக்கொள்ளும். குழலில் கட்டும் காந்தவகைக் கருவி வேகத்தைச் சரியாகச் சொல்லும்; ஆனால் குழலின் அதிர்வை மாற்றி, துளை விழும் இடத்தை நகர்த்திவிடும். அதைக் கட்டிக்கொண்டு துல்லியத்தைச் சோதிக்கக் கூடாது. ரேடார் வகைக் கருவிகளுக்கு இந்த இரண்டு குறையும் இல்லை.

கருவி சரியென்றால் வரிசையைப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு மட்டும் விலகி மற்றவை நெருங்கினால், துடைத்த குழல் இன்னும் பழகவில்லை. ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் குழலின் சூடும் அதில் காத்திருக்கும் தோட்டாவின் சூடும். முறையில்லாமல் சிதறினால் கழுத்தின் பிடிப்பு ஒன்றுபோல் இல்லை. குண்டைப் பொருத்தும்போது கை அதை முன்பே சொல்லியிருக்கும். ஆர்பர் பிரஸ்ஸில் ஒன்று வெண்ணெயில் இறங்குவதுபோலவும் அடுத்தது உராய்ந்துகொண்டும் இறங்கினால், அந்த இரண்டையும் குறித்து வைத்து, வேகத்தோடு ஒப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், சிதறல் உண்மையிலேயே சிதறலா என்று கேட்க வேண்டும். ஐந்து தோட்டாக்களிலிருந்து கணக்கிட்ட திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10 என்று வந்தால், 95 விழுக்காட்டு நம்பகத்தில் உண்மையான மதிப்பு 6 முதல் 29 வரை எங்கேயும் இருக்கலாம். மூன்று தோட்டாக்கள் என்றால் 5 முதல் 63 வரை. மூன்று தோட்டா சுட்டு, திட்ட விலக்கம் 4 என்று மகிழ்ந்து, அந்த மருந்தளவைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரம் அது 15 ஆனதும் மருந்தின்மேல் பழிபோடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்து மாறவில்லை, முதல் வாரத்து எண்ணுக்குப் பொருளே இல்லை. களத்திலேயே நிரப்புவதன் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது: நல்லதாகத் தோன்றும் அளவை அங்கேயே இன்னும் பத்து நிரப்பி, அதே வானிலையில் உறுதி செய்துகொள்ளலாம்.

துளைகள் பரவுகின்றன

பரவும் திசை பேசும். கிடைமட்டமாகப் பரவினால் காற்று. செங்குத்தாகப் பரவினால் வேகச் சிதறல் அல்லது துப்பாக்கியைத் தாங்கும் முறை. நூறு கெஜத்தில் வேகச் சிதறலின் பங்கு மிகச் சிறிது, ஆகவே அங்கே செங்குத்துப் பரவல் கண்டால் மணல் மூட்டையையும் உங்கள் தோள் தரும் அழுத்தத்தையும் பாருங்கள். மருந்தளவைப் படிப்படியாக ஏற்றிச் சுட்டுத் துளைகளின் உயரத்தை ஒப்பிடும் கிரெய்டன் ஆடெட்டின் ஏணிச் சோதனையை நூறு கெஜத்தில் செய்பவர்களுக்கு விடை கிடைக்காததும் இதனால்தான். படிகள் பிரிந்து தெரிய 200 கெஜத்துக்கு அப்பால் போக வேண்டும். இரண்டு தனித்தனித் துளைக்கூட்டங்கள் தெரிந்தால் தொலைநோக்கியைத் தாங்கும் திருகுகளை முறுக்கிப் பாருங்கள். நடுப்பகலில் இலக்கே அலையாடினால் அது கானல். நிரப்புவதை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஒன்றை மாற்றினால் மற்றதை மாற்றாதீர்கள். களத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருப்பதால் மருந்தளவையும் பொருத்தும் நீளத்தையும் ஒரே நேரத்தில் திருத்தும் ஆசை வரும். துளைகள் நெருங்கினாலும் எதனால் நெருங்கின என்பது தெரியாமல் போய்விடும்.

நாள் முடிந்தும் தோட்டாக்கள் மீதம்

இதுவும் ஓர் அறிகுறிதான். சுடாமல் மீந்த ஒவ்வொரு சோதனைத் தோட்டாவிலும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு இருக்கிறதா? இருந்தால், இறுக்கம் காட்டாத அளவு என்றால், தனிப் பெட்டியில் வீட்டுக்கு வரட்டும். இறுக்கம் காட்டிய அளவு என்றால் குண்டைப் பிரித்தெடுக்கும் சுத்தியால் அங்கேயே பிரித்து, மருந்தை அதன் குப்பிக்கே திருப்புங்கள். சீட்டு இல்லாத தோட்டாவையும் பிரிக்க வேண்டும். அதன் மருந்தை மட்டும் எந்தப் புட்டியிலும் சேர்க்காமல், வீட்டில் தோட்டத்து மண்ணில் மெல்லியதாகத் தூவிவிடுகிறேன். இரண்டு மருந்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எரியும் வேகத்தில் வெகுதூரம் விலகி நிற்கும்.